நாற்பத்தொரு வேலை பார்க்கும் சொல்

மார்ச் 4
இன்றும் 'டா'தான். சீன மொழியில் இந்த ஒரு வினைச்சொல் பார்க்காத வேலை இல்லை. முதல் பொருள் அடிப்பது. ஆனால் போன் செய்தாலும் டா, குடை பிடித்தாலும் டா, ஊசி போட்டாலும், ஸ்வெட்டர் பின்னினாலும், பெட்டி கட்டினாலும் டா. பேக்கிங் செக்‌ஷனில் என் பாடும் இதுதான். எல்லார் வேலையும் என் தலையில்.

நோட்டில் நாற்பத்தொரு பயன்பாடு சேர்ந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் தெரிந்தவர்களை வைத்து சீனத்தில் ஒரு வாக்கியம். அப்படி எழுதினால்தான் மனதில் நிற்கிறது. புது மெஷின் பொருத்த சீன இன்ஜினியர்கள் வருகிறார்கள். மொழிபெயர்க்கும் வேலை எனக்கு வேண்டும்.

மார்ச் 7
மேனேஜர் நோட்டைக் கேட்டார். "ரெண்டு நாள்ல தந்துடறேம்மா." கொடுத்தேன்.

மார்ச் 15
என் நோட்டு வழவழ அட்டையோடு புத்தகமாகிவிட்டது. ஒரு எழுத்து மாறவில்லை. மேலே அவர் பெயர். கேட்டால், "கம்பெனி நேரத்துல எழுதினது கம்பெனிக்குத்தானேம்மா" என்கிறார். பஸ்ஸில் நின்றுகொண்டே எழுதியது எந்தக் கம்பெனி நேரம்? மொழிபெயர்க்கப் போவது அவர் மச்சினனாம். சீனம் தெரியாது, போன் பார்த்துக்கொள்ளுமாம்.

வீட்டில் இவர், "விடேன், எதுக்கு வம்பு?" என்றார். போனது இவர் நோட்டா? சாப்பிடக் கூப்பிடவில்லை. தானே போட்டுச் சாப்பிட்டார்.

மார்ச் 16
இப்போதுதான் ஞாபகம் வருகிறது. குறட்டை விடுவதற்கும் டாதான். முப்பத்திரண்டாம் பக்கம். நான் எழுதிய வாக்கியம்: 'எங்கள் மேனேஜர் மீட்டிங்கில் குறட்டை விடுகிறார், நாங்கள் மெதுவாகப் பேசுகிறோம்.' அதையும் படிக்கத் தெரியாமலே அச்சடித்திருக்கிறார், மகானுபாவர். போய்ச் சொல்லலாமா? — எதற்கு? சொல்ல மாட்டேன்.

மார்ச் 20
இன்று மீட்டிங்கில், வந்திருந்த சீன இன்ஜினியர் அம்மா புத்தகத்தைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நிறுத்திச் சிரித்துவிட்டார். என்னவென்று மேனேஜர் கேட்க, மச்சினன் போனை அந்தப் பக்கத்தின் மேல் பிடித்தார். போன் அதைத் தமிழில் சத்தமாகப் படித்தது. பன்னிரண்டு பேர் முன்னால்.

மேனேஜர் எழுந்துவிட்டார். "இதை நான் எழுதலை. இதோ, இவங்கதான். புத்தகம் பூரா இவங்க எழுதினது."

இன்ஜினியர் அம்மா என் பக்கம் திரும்பி, நீங்களா எழுதியது என்று சீனத்தில் கேட்டார். நானும் சீனத்திலேயே பதில் சொன்னேன். அரை மணி நேரம் பேசினோம். மச்சினன் போனைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 2
மொழிபெயர்ப்பாளருக்கு, அதாவது எனக்கு, ஜன்னலோர மேஜை. நோட்டு திரும்பி வந்தது. முப்பத்திரண்டாம் பக்கத்தை மேனேஜர் கிழித்திருக்கிறார். வேறு தாளில் அதே வாக்கியத்தை அழுத்தி எழுதி, பசை போட்டு ஒட்டினேன்.