கல்லோடு வந்தது

திங்கள்

காலையிலிருந்து தூறல். முதலாளி ஹாஜியாரின் அலங்கார மீன் கொட்டிலில், இரண்டாம் தொட்டியில் தண்ணீர் மாற்றினேன். கோமாளி மீன் இரண்டைக் காணவில்லை. செத்தும் கிடக்கவில்லை. மூடி உண்டு, பூனை வர வழியில்லை. மீன் ஏற்றிப்போன கொழும்பு லொறியைச் சோதனைச்சாவடியில் திருப்பி அனுப்பியதிலிருந்து எல்லாத் தொட்டியிலும் நெரிசல். தலையிடி.

செவ்வாய்

இன்னொரு மீனையும் காணவில்லை. ஹாஜியார் நேரே யூனுஸைப் பிடித்தார். யூனுஸ் எங்கள் சுழியோடி, கடலில் மூழ்கி மீனும் கல்லும் எடுத்துவருபவர். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, மாம்புரிப் பக்கம் அகதிக் காம்பில் இருப்பவர்.

"வெளிய வித்திட்டியா?"

"அல்லாஹ் அறிய நான் எடுக்கல்ல, ஹாஜியார்."

"அவர் தொட்டிப் பக்கமே வாறல்ல" என்றேன்.

"நஸீரா, நீ உன்ட வேலயப் பாரு. காம்ப் ஆக்கள வேலைக்கு எடுத்தா இப்பிடித்தான்."

யூனுஸ் சுழியோடும் கண்ணாடியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். யாரையும் பார்க்கவில்லை.

புதன்

பெருமழை. கரண்ட் இல்லை. பகலிலேயே அறை இருட்டு. யூனுஸ் இல்லை, ஆனாலும் ஒரு மீன் குறைவு. ஹாஜியார் இனி பழியை யார்மேல் போடுவார்?

டக். தொட்டிக் கண்ணாடி வெடிக்கிறதோ என்று பதறினேன். மறுபடியும் டக். சத்தம் தொட்டிக்குள் வைத்திருக்கும் கடற்கல்லுக்குள். அடியில் உடைந்த சிப்பி, மீன்முள். நண்டாக இருக்குமோ?

வியாழன்

இறால் தலையை நூலில் கட்டி இறக்கினேன். முதலில் மயிர் மயிராய் ஒரு புழு. தொட்டுவிட்டேன், விரல் எரிகிறது. அது சும்மா செத்ததைத் தின்பது. பிறகு பொந்தில் இரண்டு கண். ஒன்று என்னைப் பார்க்க, மற்றது வேறெங்கோ. இறால் போல் உடம்பு, பச்சை. முன்கால் கும்பிடுபூச்சிக்குப் போல மடிந்து. ஒரே அடி, நூல் மட்டும் மிச்சம்.

கல்லை வாளியில் வைத்துப் பொந்துக்குள் உப்பில்லாத நல்ல தண்ணீர் ஊற்ற, வெளியே வந்தது. என் விரல் நீளம்கூட இல்லை. போன கிழமை யூனுஸே எடுத்துவந்த கல்.

ஹாஜியாரிடம் வாளியைக் காட்டினேன். "சரி, அவன வரச் சொல்லு." அவ்வளவுதான், களவென்று சொன்னதைப் பற்றி ஒன்றும் இல்லை.

வெள்ளி

மழை விட்டது. காம்புக்குப் போனேன். யூனுஸின் மனைவி ஸபீனா வாசலில்.

"வேற வேல இல்லயே ராத்தா. புதன்கிழம நேவி பாஸ் இல்லாத வள்ளமொண்டுல கடலுக்குப் போனாரு. இன்னும் வரல்ல."

அன்றைக்குக் கடலில் வெடிச் சத்தம் கேட்டதாகக் கடையில் கதைத்தார்கள். அதை அவளிடம் மறைத்தேன்.

மீன் தின்றது எது என்று சொன்னேன்.

"அவர் களவெடுக்கல்லண்டு ஹாஜியார் வாயால சொன்னாரா?"

"ஓம். சொன்னார்."

உடனே எழுந்து அடுத்த குடிசைப் பக்கம் போய்க் கூப்பிட்டாள். "கேட்டீங்களா? அவர் எடுக்கல்லயாம். ஹாஜியாரே சொல்லிட்டாராம்." பிறகு அதற்கடுத்த குடிசைக்கு.