பனி ஏறியிருக்கும் என்றேன்

கார்த்திகை, செவ்வாய் இரவு. ஆஸ்பத்திரி.

மல்லிகா இன்னும் கண் திறக்கவில்லை. முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருக்கிறார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காற்றில் மரம் சாய்ந்து எங்கள் ஊர் கொட்டச்சேட்டில் நேற்றிலிருந்து கரண்ட் இல்லை. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் கெஞ்சி அங்கிருந்த ஜெனரேட்டரை வாங்கி வந்தேன். இரவல் பொருள் மழையில் நனையக் கூடாதென்று சமையலறைக்குள் வைத்து ஓட்டினேன். அந்த மெஷினைப் பற்றித்தான் கவலைப்பட்டேன்.

சாயங்காலம் மல்லிகா, "ஏனுங்க, தலை நொம்ப வலிக்குது. கெறக்கமா வருதுங்க" என்றாள்.

"பனி காதுல ஏறியிருக்கும்" என்றேன். எங்கள் மலையில் எந்தத் தலைவலிக்கும் இதைத்தான் சொல்வோம். என் மப்ளரை அவள் காதை மூடி இறுக்கிக் கட்டினேன். ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் காப்பிச் சாக்கைத் திணித்தேன். பெட்ரோல் வாங்க ஏற்காடு போய்த் திரும்பியபோது தரையில் கிடந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த மெஷின் பொகையில இருக்கற வெசவாயு வாசமே தெரியாம ஆளைச் சாய்ச்சுருமுங்க. ஜன்னலத் தொறந்தாலும் பத்தாது. ஊட்டுக்கு வெளிய, நல்லாத் தள்ளி வெச்சுத்தான் ஓட்டோணும்" என்றார் நர்ஸ். மப்ளரை அவிழ்த்து என்னிடமே கொடுத்தார்.

இப்போது ஆயா வந்து, "பனி அடிக்குதுங்க" என்று வார்டு ஜன்னலைச் சாத்தினாள். எழுந்துபோய்த் திறந்தேன். திட்டிக்கொண்டே போகிறாள். திட்டட்டும்.

குளிருது என்றாவது ஒரு வார்த்தை சொல், மல்லிகா.