ராணி முட்டை போட்டிட்டாவோ?

லீக்ஸ் வாங்கிவந்ததை வைப்பதற்காகப் பிரிட்ஜின் கீழ்த்தட்டை இழுத்தேன். ஈரச் சாந்தின் மணம் முகத்தில் அடித்தது. உன்னுடைய எறும்புப் பெட்டியை ஒன்பது நாளைக்கு முன்பே வெளியே எடுத்துப் படியோரம் வைத்துவிட்டேன். மணம் மட்டும் அந்தத் தட்டை விட்டுப் போகவில்லை. லீக்ஸைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை நீ போனாய். நெஞ்சு நோகுது என்று ரெய்னர்ஸ் லேன் வீட்டுச் சோபாவில் சாய்ந்தவன் எழும்பவில்லை. நாற்பத்திரண்டு வயது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் மனைவி இந்தப் பெட்டியை ஒரு குளிர்ப்பையில் வைத்து, மடியில் தாங்கிக்கொண்டு ரயிலில் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் என் வீடு வரை வந்தார்.

"அண்ணை, இதுகள் இன்னும் நித்திரை. எழுப்பிறது எப்பிடியெண்டு உங்களுக்குத்தான் தெரியும் எண்டு அவர் சொல்லுறவர். எனக்கு ஏலாது."

எனக்கும் ஏலாது என்று சொல்ல வாய் வரவில்லை. உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒரு கதையை அவருக்கு நீ சொல்லவே இல்லை என்பது அந்தக் கணத்தில் விளங்கியது.

எண்பத்தாறாம் ஆண்டு ஆடி மாதம். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். காற்றே இல்லாத ஒரு புழுக்கமான பின்னேரம், ஹை ஸ்ட்ரீட் நோர்த் நடைபாதை முழுக்கச் செட்டை முளைத்த எறும்புகள். சனம் கையால் விசிறிக்கொண்டு கடைகளுக்குள் ஓட, நீ மட்டும் குந்தியிருந்து ஒன்றைத் தேடிப் பிடித்தாய். செட்டையை உதிர்த்துவிட்டுக் கல்லிடுக்கில் இடம் பார்த்துக்கொண்டிருந்த ராணி. நெருப்புப்பெட்டிக்குள் அவள் வீட்டுக்கு வந்தாள். நீ துப்புரவு வேலைக்குப் போன பள்ளிக்கூடத்தில் எறிந்துவிட்ட கண்ணாடிக் குழாய் ஒன்று, அடியில் தண்ணீர், அதை மறித்துப் பஞ்சு, வாயிலும் பஞ்சு. அவ்வளவுதான் அவளுடைய வீடு. மற்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான். நீயோ நூலகப் புத்தகத்தை வாசித்து வாசித்து அவளை 'அவா' என்று மரியாதையாகவே சொல்லத் தொடங்கினாய். இரண்டாவது குளிர்காலம் வந்தபோது அவாவைச் சுற்றி முப்பத்திரண்டு பிள்ளைகள். நீதான் எண்ணி வைத்திருந்தாய். குளிர்கால நித்திரைக்கு மூன்று மாதம் பிரிட்ஜின் முட்டைத் தட்டின் ஓரத்தில் அவர்களைப் படுக்கவைத்தாய்.

எண்பத்தெட்டு மாசியில் ஒரு நாள் வழக்கம்போலக் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கப் போன நீ திரும்பி வரவில்லை. மறுநாள் தொலைபேசி வந்தது.

"மச்சான், என்னை மறிச்சுப்போட்டாங்கள். விண்ணப்பத்தை மறுத்திட்டாங்களாம். பயப்பிடாதை. ஒண்டு சொல்லுறன், வடிவாய்க் கேள். பங்குனி பிறக்க அவையளை வெளியிலை எடு. உடனை சூட்டுக்குக் கொண்டு போயிடாதை. ஒரு கிழமை படிக்குக் கீழை, குளிரான இடத்திலை வை. பிறகுதான் அறைக்குள்ளை. முதல் தண்ணி, பிறகு தேன் ஒரு சொட்டு. அவசரப்படாதை என்ன?"

எனக்குக் கோபம் வந்தது. உன்னை விமானத்தில் ஏற்றிவிட்டால் கொழும்பில் இறங்கியதும் என்ன நடக்கும் என்று நாங்கள் நால்வரும் அடுப்படியில் நின்று அதையே பேசிக்கொண்டிருந்தோம். வழக்கறிஞரின் அலுவலகத்தில் காத்திருந்து எனக்குக் கால் வீங்கியிருந்தது. நீ எறும்பைப் பற்றிப் பேசுகிறாய்.

ஆனாலும் பங்குனி முதலாம் நாள் குழாயை எடுத்தேன். வெளிச்சம் படாமல் நீ சுற்றியிருந்த சிவப்புத் தாளை விலக்கிப் பார்த்தேன். எல்லாம் ஒரு கறுப்புக் கட்டியாய் ராணியோடு ஒட்டிக் கிடந்தன. தட்டினேன், அசைவில்லை. படியோரம் வைத்தேன். அடுத்த நாளும் அப்படியே. வேலைக்குப் போய் வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன். எனக்குள் ஒரு மூடப் பயம் பிடித்துக்கொண்டது. இதுகள் செத்தால் நீயும் வரமாட்டாய் என்று. படித்தவன்தான் நான், என்றாலும் அந்தப் பயத்தை என்னால் தள்ள முடியவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் பொறுமை போய், குழாயைக் கொண்டுபோய் அறையின் காஸ் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன்.

திரும்பி வந்தபோது அசைந்தன. முதலில் சந்தோஷம்தான். பிறகு பார்த்தால், குழாயின் உட்புறம் முழுக்க நீர்த்துளிகள். சூட்டில் தண்ணீர் வியர்த்துவிட்டது. எறும்புகள் துளிகளில் ஒட்டிக்கொண்டு கால் உதறின. பதறி இழுத்தெடுத்தேன். இழுத்த வேகத்தில் பஞ்சும் நகர்ந்துவிட்டது, தண்ணீர் உள்ளே வந்தது. துடைத்தேன், ஊதினேன், வேறு குழாய்க்கு மாற்றினேன். எல்லாம் முடிந்து எண்ணியபோது பதினொன்று. ராணி இருந்தாள். ஒரு பக்கமாய்ச் சரிந்து, உணர்கொம்பை மட்டும் இடைக்கிடை அசைத்தபடி.

மறுநாள் தடுப்பு முகாமில் உன்னைப் பார்க்க வரும் முறை எனக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் நீ இருந்தாய். மெலிந்து, சவரம் செய்யாமல். வழக்கைப் பற்றி நான் தொடங்க முதல் நீ கேட்டாய்:

"எழும்பிட்டினமோ?"

"ஓம்."

"எல்லாரும் சுகமோ?"

"ஓமடா. எல்லாரும்."

"ராணி முட்டை போட்டிட்டாவோ?"

"ஓம்," என்றேன். "நேற்றுத்தான். பத்துப் பன்னிரண்டு இருக்கும்."

நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு சிரித்தாய். "வழக்கை நினைச்சால் நித்திரை வராது மச்சான். அவையளை எண்ணிக்கொண்டு படுத்தால் வருது," என்றாய்.

ரயிலில் திரும்பி வந்தேன். சொன்ன பொய்யை உண்மையாக்குவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதன்பிறகு நான் செய்யாதது எதுவும் இல்லை. ஊசி முனையில் தேன் வைத்தேன். யன்னலோரம் செத்த ஈ தேடினேன். கசிந்த பஞ்சை மாற்றினேன். நீ கிழமைக்கு இரண்டு தரம் போன் எடுப்பாய். ஒவ்வொரு முறையும், "முட்டை எத்தினை?" என்று கேட்பாய். ஒவ்வொரு முறையும் நான் ஒரு எண்ணிக்கை சொல்வேன். போனை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது.

சித்திரைக் கடைசியில் ஒரு காலை, ராணியின் வயிற்றடியில் வெள்ளையாய்ச் சீனிக் குருணி போல நாலைந்து. முதலில் பூஞ்சணம் என்று நினைத்துப் பயந்தேன். ஒரு பிள்ளை அதை வாயில் தூக்கிக்கொண்டு நடந்தபோதுதான் விளங்கியது. அடுப்படியில் தனியே நின்று அழுதேன் என்பதை உனக்கு நான் சொன்னதே இல்லை.

வைகாசி நடுவில் உன்னைத் தற்காலிகமாக விட்டார்கள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குழாயிடம் போனாய். சிவப்புத் தாளை விலக்கி நெடுநேரம் பார்த்தாய். உதடு அசைந்தது, எண்ணுகிறாய் என்று தெரிந்தது.

"பதினொண்டு," என்றாய்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஹீட்டர், தண்ணீர், மேசையில் சொன்ன பொய், போனில் சொன்ன எண்ணிக்கைகள் எல்லாம். நீ கோபப்படுவாய் என்று நின்றேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றாய். "வெளியிலை எடுத்து நாலாம் நாள் எந்த ராணியடா முட்டை போடுறா?"

"தெரிஞ்சுகொண்டே ஏன் கேட்டுக்கொண்டிருந்தனி?"

"நீ பயந்துபோனாய் எண்டு முகத்திலை தெரிஞ்சுது. நான் கேக்காமல் விட்டிருந்தால் நீ பாக்காமல் விட்டிருப்பாய்."

வழக்கு இன்னும் மூன்று வருடம் இழுபட்டு, கடைசியில் நீ வென்றாய். உனக்குக் கலியாணம் நடந்தது, வீடு மாறினாய். குழாய் போய், சாந்தில் கூடு வார்த்த பெட்டி வந்தது. அதற்குள் நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், எல்லாருக்கும் தாய் அதே ராணி. என் வாழ்க்கையில் நான் சொன்ன எத்தனையோ பொய்களில் அந்த ஒன்றுதான் என்னை உறுத்தும். அதைச் சுமக்கக் கூடியதாக ஆக்கித் தந்தவனும் நீதான்.

இந்த முறை அவசரப்படவில்லை. படியோரம் ஏழு நாள் முழுசாய் வைத்தேன். முந்தாநாள் அறைக்குள் கொண்டுவந்தேன். பிள்ளைகள் எழும்பிவிட்டார்கள், தேனைச் சுற்றி வட்டமாய் நின்று குடிக்கிறார்கள். ராணி மூலையில் கிடக்கிறா. வயதும் போய்விட்டது அவவுக்கு, பன்னிரண்டு ஆகப்போகிறது. ஐந்தாறு பேர் அவவை நக்கித் துடைத்தபடியே இருக்கிறார்கள். உயிரில்லாத உடம்பையும் சில நாள் அப்படித் துடைப்பார்களாம், உன் புத்தகத்தில்தான் வாசித்தேன். உணர்கொம்பு அசைகிறதா, அல்லது அவர்கள் தொடுவதால் ஆடுகிறதா என்று எனக்கு நிச்சயமில்லை. கண்ணாடியோடு மூக்கை வைத்துப் பார்க்கிறேன். என் மூச்சில் கண்ணாடி மங்குகிறது.

உன் மனைவி ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறார். இன்றும் எடுத்தார். அந்த வீட்டில் வேறு சத்தமே கேட்கவில்லை.

"அண்ணை, ராணி முட்டை போட்டிட்டாவோ?"

ஓம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவருக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும்.

"இல்லைத் தங்கச்சி," என்றேன். "அவா அசையிறாவோ எண்டே எனக்கு வடிவாய்த் தெரியேல்லை. பாத்துக்கொண்டிருக்கிறன்."

போனை வைத்துவிடுவாரோ என்று பயந்தேன்.

"நாளைக்கும் எடுத்துக் கேளும்," என்றேன்.