உமிழ்வு குறைந்த வருஷம்

வண்டன்மேடு
அக்டோபர் 12

அன்பு மகள் ஜோமோளுக்கு அப்பா எழுதுவது. மாதா துணையால் இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மருமகனும் குழந்தையும் சுகமாயிருக்க வேண்டும். மழை இன்னும் விட்டபாடில்லை, காயெடுப்பு மும்முரம், ஸ்டோரில் பகல் முழுக்க விறகு தள்ளி ஏலக்காய் உலர்த்துவது இப்போதும் நான்தான். கண் எரிச்சலுக்கு நீ அனுப்பிய சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. உன் அண்ணன் வினோவுக்கு முதுகுவலி, சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்கிறான்.

நீ தமிழில் எழுதி அனுப்பிய கட்டுரை கிடைத்தது. ஊரடங்கு வருஷத்தில் உலகம் முழுக்க உமிழ்வு குறைந்தது என்று முதல் வரியிலேயே போட்டிருந்தாய். அப்போது கண்ட இடத்தில் துப்பக்கூடாது என்று பஞ்சாயத்தில் மலையாளத்தில் போர்டு வைத்தார்களே, அதை நினைத்து, நம் எஸ்டேட் லயத்து வீடுகளின் வெற்றிலைக்காரர்கள் திருந்திய விஷயம் உன் ஆபீஸ் வரைக்கும் எட்டிவிட்டது என்று ஸ்டோரில் எல்லாரிடமும் பெருமையடித்துவிட்டேன். உன் அண்ணி வனிதாதான் வாங்கி வாசித்துவிட்டு, இது எச்சி துப்புற சங்கதி இல்ல மாமா, வண்டியும் ஏரோப்ளேனும் கம்பெனியும் கக்குற புகை என்றாள். ஸ்டோரில் இன்னும் சிரிக்கிறார்கள். புகை என்றே எழுதியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும், முப்பது வருஷமாக அதில்தானே நிற்கிறேன்.

நீ எழுதியது பொய்யில்லை. அந்த ஏப்ரலில் மேட்டில் ஏறி நின்றால் கீழே தமிழ்நாட்டுப் பக்கம் கம்பம் ஊரில் வீடு வீடாக எண்ணலாம், அவ்வளவு தெளிவு. உன் தாய்மாமா தெருகூடத் தெரிந்த மாதிரி இருந்தது, ஆனால் உன் அம்மா அடக்கத்துக்கு அவர் ஏறி வர முடியவில்லை, ரோட்டை அடைத்திருந்தார்கள். உலகத்துக்குப் புகை குறைந்த அந்த மாசம்தான் நம் வீட்டில் கூடியது. சிலிண்டர் இருபது நாள் வராமல், நெஞ்சுக் கோளாறு உள்ள உன் அம்மா ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்தாள். அதை உன் கட்டுரையில் தேடிப் பார்த்தேன், இல்லை. குழிக்குப் பக்கத்தில் இருபது பேர் நின்றோம், நீ வினோவின் போனுக்குள்ளே இருந்தாய், ரேஞ்ச் கிடைக்காமல் பாதியில் நீயும் போய்விட்டாய். நான் மேலே பார்த்தேன். விமானம் போன கோடு ஒன்றுகூட இல்லாத சுத்தமான வானம். 

அப்போது உன்மேல் குற்றமில்லை, விமானம் ஓடவில்லை. இப்போது ஓடுகிறதே. அடுத்த வருஷமே புகை பழையபடி ஏறிவிட்டது என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். முதலில் விசா என்றாய், பிறகு பிரசவம், பிறகு வேலை, இப்போது உமிழ்வு. பறந்தால் புகை கூடும், அதனால் இந்தக் கல்லறைத் திருநாளுக்கும் வரவில்லை என்று கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்ததைப் படித்து அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. போன மாசம் இதே புகையைப் பற்றிப் பேச இரண்டு தேசம் தாண்டிக் கூட்டத்துக்குப் பறந்தாயே, அந்த விமானம் என்ன ஏலக்காய் வாசனையா விட்டது? ஐந்து நவம்பர் போய்விட்டது, அம்மா கல்லறையில் நீ ஒரு மெழுகுதிரி ஏற்றவில்லை. உன்னைப் படிக்க வைத்ததும் இந்த ஸ்டோர்ப் புகைதான். சொல்லிக்காட்டக் கூடாது என்று இருந்தேன், சொல்லிவிட்டேன், எழுதியதை அடிக்கப்போவதில்லை.

குழந்தைக்குக் காதை மூடிக் கூட்டிப்போ, வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். நவம்பர் இரண்டுக்குள் கல்லறைக்கு வெள்ளையடித்துவிடுவேன், உன் பங்கு மெழுகுதிரியைக் கொளுத்தாமல் வைத்திருப்பேன், ஞாபகம் இருக்கட்டும். மனுஷன் விடுகிற மூச்சிலும் அந்த உமிழ்வு உண்டு என்கிறாள் வனிதா. என்னுடையது நின்ற பிறகு பறந்து வரலாம் என்று மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு
உன் அப்பா
சவரிமுத்து