ஒருவர் மட்டும் ஆடும் போர்

பிப்ரவரி 8, 2009, ஞாயிறு

பூசை முடிந்து வந்து, கறிச்சோறு சாப்பிட்டு, கணினி முன்னால் உட்கார்ந்தேன். ஆல்வின் எனக்கு முன்பே வந்து காத்திருந்தான். வந்திருந்தான் என்றால் திரையில். ஆள் சுவருக்கு அந்தப் பக்கம்.

இந்த விளையாட்டில் ரஷ்யாவில் புரட்சி நடக்கவே இல்லை. ஜார் மன்னரின் பேரன் இன்னும் ஆள்கிறான், அவன் டாங்கிகள் பாதி ஐரோப்பாவைப் பிடித்துவிட்டன. நாங்கள் இருவரும் எதிரணியின் இரண்டு தளபதிகள். கோட்டை கட்டுவது, சுரங்கம் தோண்டுவது, மின் நிலையத்தைக் காப்பது என் வேலை. அடிக்கப் போவது அவன். சிறு வயதிலிருந்தே அப்படித்தான், அவன் அடித்துவிட்டு வருவான், நான் சமாதானம் பேசப் போவேன்.

திரையின் அடியில் ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கிறான். "கெழக்க வாரான் பாருண்ணே." நான் பார்த்தேன். இந்த வாரம் என் தம்பி என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

பிப்ரவரி 11, புதன்

மின்வெட்டு. என் அச்சுக்கடையில் மூன்று கல்யாணப் பத்திரிகை பாதியில் நிற்கிறது. ஒன்றில் மாப்பிள்ளை பெயருக்குப் பதில் பெண்ணின் அப்பா பெயரை அடித்திருந்தேன். நல்லவேளை கண்ணில் பட்டது.

பிப்ரவரி 15, ஞாயிறு

அப்பா போய் ஆறு மாதம். கல்லறைக்குக் காலையில் போனேன். எனக்கு முன்பே யாரோ மெழுகுவர்த்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். யாரோ என்ன, ஆல்வின்தான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அத்தனை சொந்தத்துக்கும் நடுவில் அவன் சொன்னதை இன்றைக்கும் நினைத்தால் சோறு இறங்குவதில்லை. "அன்னைக்கே மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா அப்பா இருந்திருப்பாரு. அண்ணன்தான் விடல." கார் பிடித்து வாசலில் நிறுத்தி வைத்திருந்தான், உண்மை. நான் தடுத்தேன், அதுவும் உண்மை. பயணம் தாங்காது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னதைத்தான் செய்தேன். வேறென்ன செய்திருக்க முடியும்?

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. வீட்டை நடுவில் பிரித்தோம். சுவர் எழுப்ப வந்த கொத்தனார், அவன் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஓடிய கணினி வயரைக் கையில் பிடித்துக்கொண்டு, இதை என்ன செய்ய என்று கேட்டார். ஆல்வினே இழுத்துப் போட்ட வயர். கம்ப்யூட்டர் சர்வீஸ் அவன் தொழில். அவனும் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கொத்தனார் கொஞ்ச நேரம் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, வயரைச் சுற்றிச் செங்கல் வைத்துக் கட்டிவிட்டார். அடுத்த ஞாயிறு மதியம் திரையில் அவன் பெயர் மின்னியது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஆட்டம், இடையில் சில ராத்திரியும்.

என் வீட்டுக்காரி அறிவுச்செல்வி என்னைக் கேலி செய்வதோடு சரி. அவளும் ஆல்வின் பெண்டாட்டி புவனேஸ்வரியும் தெருக்குழாயில் தினமும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அண்ணன் தம்பிக்குத்தான் வாய் கட்டியிருக்கிறது.

இன்று ஆடும்போது அடித்தான்: "அடுத்த பாகம் வருதாம்ணே." நான் "சரி" என்று மட்டும் அடித்தேன். ஆனால் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. இதற்கு முன் வந்த கூடுதல் பாகம் எதுவும் முதல் டிஸ்க் இல்லாமல் ஏறாது. முதல் டிஸ்க் என்னிடம் இருக்கிறது. வேண்டும் என்றால் அவன் என் வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும்.

டிஸ்க்கைத் துடைத்து மேல் இழுப்பறையில் வைத்தேன்.

பிப்ரவரி 25, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல். ஆல்வின் எனக்கு இரண்டு வரிசை முன்னால் நின்றான். முடி கொட்டத் தொடங்கிவிட்டது அவனுக்கு.

மார்ச் 1, ஞாயிறு

திரையில் அவன் பெயர் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது: தவக்காலம்.

ஈஸ்டர் வரைக்கும் ஆளுக்கு ஒன்றை விட வேண்டும், எதை விட்டோம் என்று வெளியில் சொல்லக் கூடாது, பிறரைக் கேட்கவும் கூடாது. அப்பா வகுத்த சட்டம் இது. ஒரு வருடம் அவர் வெற்றிலையை விட்டார். அம்மாவே பாதித் தவக்காலம் போனபிறகுதான் கண்டுபிடித்தாள். ஆல்வின் இந்த விளையாட்டை விட்டிருக்கிறான். அவனுக்கு இதைவிடப் பிரியமானது எது? பையனுக்கு இவ்வளவு பக்தியா என்று பெருமையாகக்கூட இருந்தது.

நானும் அணைத்துவிட்டேன். அவன் நோன்பில் இருக்கும்போது நான் அந்தப் பக்கம் தலை காட்டுவது சரியில்லை.

மார்ச் 15, ஞாயிறு

மதியம் தூங்கினேன். தலைவலி. ஞாயிறு இவ்வளவு நீளமா?

மார்ச் 22, ஞாயிறு

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்.

மின்வெட்டு. மின்விசிறி நின்று தெருவே அமைதியாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யூ.பி.எஸ். கீச்சிடுகிறது, அதற்கு மேல் டாங்கி சத்தம். எனக்குத் தெரியாத சத்தமா? குண்டு, கட்டடம் சரிவது, அந்த எச்சரிக்கை மணி. எல்லாம் அதே விளையாட்டு. ஆனால் நடுவில் கேட்ட இசை புதிது.

அவன் எதையும் விடவில்லை. என்னைத்தான் விட்டிருக்கிறான்.

மார்ச் 23, திங்கள்

பேகம்பூரில் சௌகத் அலி கடைக்குப் போனேன். டிஸ்க் விற்பது அவர்தான். அடுத்த பாகம் வந்துவிட்டதா பாய் என்று கேட்டேன். எடுத்துக் காட்டினார்.

"இதுக்கு மொத டிஸ்க்கே வேணாம்ணே. இது தனியாவே ஓடும். ஒங்க தம்பி போன மாசமே வாங்கிட்டுப் போயிட்டாரே, சொல்லலையா?"

சொல்லவில்லை பாய். சொல்கிற மாதிரி நாங்கள் இல்லை. அதை அவரிடம் சொல்லாமல், பார்த்துக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன்.

முதல் டிஸ்க் வேண்டாம். யாரிடமும் வந்து நிற்க வேண்டாம். நான் என்னவோ டிஸ்க்கைத் துடைத்து வைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். முட்டாப்பய நான். அம்புட்டுத்தான்.

மார்ச் 24, செவ்வாய்

கடையிலிருந்து கத்தரிக்கோல் எடுத்து வந்து வயரைச் சுவரோடு ஒட்ட வெட்டினேன். அறிவுச்செல்வி வாசற்படியில் நின்று பார்த்தாள்.  ராத்திரி ஆறிப்போன சோற்றை முன்னால் வைத்துவிட்டு, தொட்டுக்க வெஞ்சனம் வைக்காமல் போய்ப் படுத்துவிட்டாள். அவள் கோபம் இப்படித்தான் வரும்.

மார்ச் 27, வெள்ளி

தேர்தல் நோட்டீஸ் வேலை வந்து குவிகிறது. நல்லது. யோசிக்க நேரம் இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

கடையிலிருந்து வந்தால், பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு பேர் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் சுவரைத் தட்டிப் பார்க்கிறார். இது என்ன?

அறிவுச்செல்விக்குத் தெரிந்திருந்தது. குழாயடியில் புவனேஸ்வரி சொன்னாளாம். அவள் பிறந்த வீடு வத்தலக்குண்டு, அப்பாவுக்குப் பூ வியாபாரம். மருமகன் அங்கே வந்து கடை போடட்டும் என்று போன வருடத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆல்வின்தான் பிடி கொடுக்காமல் இருந்தானாம். போன வாரம் திடீரென்று, வித்துட்டு வாரேன் என்று சொல்லிவிட்டான்.

போன வாரம்.

போன வாரம் என்ன நடந்தது என்று அவள் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஏப்ரல் 4, சனி

சௌகத் அலியிடம் போய் நானும் அந்த டிஸ்க்கை வாங்கிவந்தேன். எதற்கு வாங்கினேன்? அவன் என்னை விட்டுவிட்டு அப்படி யாரோடு ஆடுகிறான் என்று பார்க்கத்தான்.

ஏற்றினேன். முகப்பில் இருவர் சேர்ந்து ஆடும் பொத்தானைத் தேடினேன். இல்லை. உள்ளே போய்த் தேடினேன். எங்கும் இல்லை. திரும்ப அழித்து, திரும்ப ஏற்றினேன். இல்லவே இல்லை. கூட ஆட இன்னொரு தளபதி கிடையாது, வலையில் இணைவது கிடையாது. ஜாரின் பேரனை எதிர்த்து ஒற்றை ஆளாக நிற்க வேண்டியதுதான். செய்தவன் அப்படித்தான் செய்திருக்கிறான்.

அவன் என்னைக் கூப்பிடவில்லை என்று கோபப்பட்டேனே, இதில் கூப்பிட வழியே இல்லை.

ஆனால் பழையது இருந்ததே. அதற்கு ஏன் வரவில்லை? மண்டை காய்கிறது.

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி

சிலுவைப் பாதை. பதினான்கு தலத்திலும் நின்று ஜெபித்து வெயிலில் நடந்தோம். ஆல்வின் அந்தப் பக்க வரிசையில் வந்தான். ஒன்பதாவது தலத்தில் முழங்கால் போட்டு எழுந்தபோது என்னைப் பார்த்தான். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். ஏன் திருப்பினேன்?

ஏப்ரல் 12, ஈஸ்டர்

போனேன்.

புவனேஸ்வரிதான் கதவைத் திறந்தாள். "வாங்க மாமா, உள்ளதான் இருக்காரு" என்றாள், நேற்றுகூட நான் வந்துபோன மாதிரி. வீட்டில் பாதிச் சாமான் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது. கணினி மட்டும் மேசையில். ஆல்வின் ஆடிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தான், எழுந்திருக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

ரொம்ப மோசமாக ஆடினான். அடிக்க மட்டும்தான் தெரியும் அவனுக்கு. பின்னால் மின் நிலையம் காவல் இல்லாமல் நிற்கிறது. எதிரி விமானம் வந்து அதைச் சிதைத்தது. எல்லாப் பீரங்கியும் அணைந்தது, தோற்றான். மறுபடி தொடங்கினான், மறுபடி அதே இடத்தில் தோற்றான். பொறுக்க முடியவில்லை.

"பவர் ஸ்டேஷனச் சுத்தி மொதல்ல கட்டுடா" என்றேன்.

கட்டினான். ஜெயித்தான். கையை மௌசிலிருந்து எடுக்காமலே சொன்னான்: "ஈஸ்டர் வரைக்கும் நீ வெளையாட்ட விட்டுட்டேன்னு நெனச்சேண்ணே. சாம்பல் புதனுக்கு மறுநாள்லயிருந்து ராத்திரி ராத்திரி பாத்தேன், ஒம் பேரே இல்ல."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. "நானும் நீ விட்டுட்டேன்னுதான்டா நெனச்சேன்."

அவன் என் நோன்பைக் கெடுக்கக் கூடாது என்று பழையதைத் திறக்காமல், தனியாக ஓடுகிற இதை வாங்கி ஆடியிருக்கிறான். நான் அவன் நோன்பைக் கெடுக்கக் கூடாது என்று மதியம் தூங்கியிருக்கிறேன். கேட்கக் கூடாது என்ற சட்டத்தை இரண்டு பேரும் அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறோம்.

"வயர ஏண்ணே வெட்டுன?"

வெட்டியது எப்படித் தெரியும் என்று கேட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் கணினியைப் போட்டிருக்கிறான், வயர் முனையில் எரிகிற பச்சை விளக்கு எரியவில்லை. அவன் தொழிலே அது, வயர் எங்கே அறுந்தது என்று ஒரு கருவியை வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவான். சுவர் தாண்டியதும் அறுந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டான். மறுநாள் மாமனாருக்குப் போன் செய்துவிட்டான்.

விற்க வேண்டாம் என்றேன். வாங்குகிறவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டானாம். ஆல்வின் வாக்கு மாற மாட்டான். அப்பா பிள்ளை.

புவனேஸ்வரி சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்று சொல்ல மறந்துவிட்டேன்.

மே 3, ஞாயிறு

லாரி வந்தது. பீரோவை நானும் ஆல்வினும் தூக்கினோம்.

மே 20, புதன்

பக்கத்தில் குடி வந்துவிட்டார்கள். நல்ல மனிதர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் டி.வி. தொடர் கேட்கிறது. எனக்குக் கடையிலேயே இருந்துவிடலாம் போல இருக்கிறது. அறிவுச்செல்வி, எம்புட்டு நாளைக்கு இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருப்பீங்க, வத்தலக்குண்டுக்குப் பஸ் ஓடுதுல்ல என்று கேட்டாள்.

ஜூன் 7, ஞாயிறு, வத்தலக்குண்டு

காலைப் பூசைக்குப் பிறகு பஸ் ஏறினேன். செம்பட்டி வரை நின்றுகொண்டே வந்தேன். ஆல்வின் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தான். கடைக்கு இன்னும் பெயர்ப்பலகை மாட்டவில்லை. நான் அடித்துத் தருகிறேன் என்றேன்.

வீட்டு மாடியில் கணினி. ஒரே நாற்காலி. அவன் ஆட, நான் பின்னால் நின்று பார்த்தேன். இரண்டு பேர் ஆட முடியாத ஒன்றை ஆட வேண்டும் என்றால் ஒருத்தன் பக்கத்தில் வந்து நிற்கத்தான் வேண்டியிருக்கிறது. அவன் கழுத்தில் வியர்வை வழிவதைக்கூடப் பார்க்கிற தூரம். சுவர் எழும்பியதிலிருந்து இவ்வளவு கிட்டத்தில் நான் அவனைப் பார்த்ததில்லை.

ஒரு ஆட்டம் தோற்றான். திரும்பத் தொடங்கவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னான்:

"மதுரைக்குக் கொண்டு போயிருக்கலாம்னு எனக்கு இன்னும் தோணத்தான் செய்யுதுண்ணே."

டாக்டர் சொன்னதை மறுபடி சொல்ல வாயெடுத்தேன். பத்து மாதமாக எல்லாரிடமும் சொல்லி வருவது அது. இங்கே எழுதி வைத்திருப்பதும் அதுதான். ஆனால் வந்தது வேறு.

"எனக்கும் தினமும் தோணுதுடா."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.  பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினான். "நீ ஆடு. நான் பாக்குறேன்."

ஆடினேன். எனக்கு அடிக்கத் தெரியாது. கட்டிக்கொண்டே இருந்தேன். அவன் என் தோளுக்குப் பின்னால் நின்று, போ போ என்று விரட்டிக்கொண்டே இருந்தான்.

கடைசி பஸ் போய்விட்டது. அறிவுச்செல்விக்குப் போன் செய்து, காலையில் வருகிறேன் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். புவனேஸ்வரி எனக்கும் ஆல்வினுக்கும் ஒரே அறையில் பாய் விரித்திருக்கிறாள்.