இடது கை தூக்கிய வகுப்பு

எனக்குத் தலை பின்னிவிட்டு, முதல் பாவாடை தைத்துப் போட்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கவும் சொல்லித் தந்த என் செல்ல ஞானம் அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாளில் இவள் ஒரு வரிகூட எழுதவில்லையே என்று நினைத்திருப்பாய். துக்கம் மட்டும் என்றால் என்றைக்கோ எழுதியிருப்பேன். துக்கத்தை எழுத எனக்குத் தெரியும். இது வேறு. உன்னை நினைத்தால் எனக்கு வயிற்றைக் குமட்டுகிறது, அக்கா.

செத்துப் போனவளிடம் இப்படியா பேசுவது என்று மலாக்கா பட்டணத்திலிருந்து அண்ணன் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும். உன்னைப் புகழ்ந்தபோது ஊரைக் கூட்டி வைத்துத்தானே புகழ்ந்தார்கள்? நானும் ஊர் கேட்கவே பேசுகிறேன்.

நீ காய்ச்சலில் போன மறு மாதமே உன் வேலைக்கு என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். பெம்பானில் பஸ்ஸைவிட்டு இறங்கி, மாட்டு வண்டி பிடித்து, ரப்பர் தோட்டத்துக்குள் நுழைந்த அன்று எனக்கு நடந்த மரியாதையை நீ பார்த்திருக்க வேண்டும். ஞானம் டீச்சரின் தங்கை என்றால் போதும், பரீட்சை எதுவும் வேண்டாம் என்று துரை சொல்லிவிட்டாராம். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தேன். அந்த நடையை நினைத்தால் இப்போது என்மேலும் எனக்கு அருவருப்பு.

உன் பள்ளிக்கூடம் நீ விட்டுப்போனபடியே இருக்கிறது. அத்தாப்பு ஓலைக் கூரை, பலகைச் சுவர், ஒரே கூடம். அந்தப் பக்கம் முதல் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் பெரிய வாத்தியார் மேய்க்கிறார். இந்தப் பக்கம் நம்முடைய இரண்டாம் வகுப்பு. காற்று திரும்பினால் மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலின் நாற்றம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். கூட்டல் கணக்குக்காக நீ பொறுக்கி வைத்த ரப்பர் கொட்டைகள் பிஸ்கட் டின்னில் அப்படியே இருந்தன. மணல் தட்டு, சிலேட்டுகள், துடைக்கிற துணி, எல்லாம் சுத்தம். பிள்ளைகள் கைகட்டி எழுந்து நின்று, பசுவைப் பற்றிய பாடத்தை மூச்சு விடாமல் வாசித்தார்கள். எங்கும் தடுக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் அக்கா எப்படி வளர்த்திருக்கிறாள் பார் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மாணிக்கத்தை எழுப்பினேன். உனக்கு ஞாபகம் இருக்கும், முன்பல் இரண்டும் விழுந்தவன். அவன் புத்தகத்தைத் தவறுதலாகக் கடிகாரப் பாடத்தில் திறந்து வைத்திருந்தான். கடிகாரத்தின் படத்தில் விரலை வைத்துக்கொண்டு, “பசு நமக்குப் பால் தரும், பசுவுக்கு நான்கு கால்கள்” என்று கணீரென்று வாசித்தான். சரியான இடத்தில் பக்கத்தையும் திருப்பினான்.

முதலில் சிரித்தேன். பிறகு ஒவ்வொருவராக எழுப்பினேன். புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தேன், அட்டையை மூடிக் கொடுத்தேன். எல்லாரும் வாசித்தார்கள்! பலகையில் ‘படம்’ என்று தனியாக எழுதிக் கேட்டபோது ஒரு வாயும் திறக்கவில்லை. மூன்று பிள்ளைகளைத் தவிர அந்த வகுப்பில் ஒருவருக்கும் எழுத்துத் தெரியாது. எந்தச் சொல்லில் பக்கம் திருப்ப வேண்டும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

நீ படுத்திருந்த மாதங்களில் மறந்திருப்பார்கள் என்று உனக்காக நானே சாக்குச் சொல்லிக்கொண்டு பெரிய வாத்தியாரிடம் போனேன். மனிதர் வெற்றிலையை மென்றுகொண்டே சிரித்தார்.

“பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஐயா வர்ற அன்னிக்கு அந்த மூணு பேரு போதும்மா. உங்கக்கா கண்டுபிடிச்ச வழி ஒண்ணு இருக்கு. கேள்வி கேட்டா எல்லாரும் கையத் தூக்கணும். தெரிஞ்சவன் வலது கை, தெரியாதவன் இடது கை. நீங்க வலது கைக்காரனா பாத்து எழுப்புங்க. ஐயாவுக்கு எது வலது, எது இடதுன்னா தெரியப் போவுது?”

“எங்கக்கா அப்படிச் செய்ய மாட்டா.”

“மேசை இழுப்பறையத் தொறந்து பாருங்க.”

திறந்து பார்த்தேன். நீ கோடு போட்ட நோட்டு, உன் முத்து முத்தான கையெழுத்து. பிள்ளைகளின் பெயர், பக்கத்தில் வலது, இடது. இடது கையைக்கூட நம்ப முடியாத பிள்ளைகளுக்கு நேரே ‘காய்ச்சல்’ என்று எழுதியிருந்தாய். இன்ஸ்பெக்டர் வருகிற காலையில் அவர்களுக்குக் காய்ச்சல் வரவேண்டும், அவ்வளவுதான். எனக்கு அதே கையெழுத்தில்தானே நீ ‘அ’ எழுதிக் காட்டினாய்? வாய் கசந்துவிட்டது. வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

அன்றைக்கே உன்னை வெறுத்திருப்பேன். ஆனால் நீ ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சொன்னது நினைவுக்கு வந்தது. “பிள்ளைங்க பாஸ் பண்ணலேன்னா தொரை வகுப்ப மூடிட்டு எல்லாத்தையும் புல்லு வெட்ட அனுப்பிருவாருடி.” பயத்தில் செய்திருக்கிறாள், பிள்ளைகளுக்காகத்தான் செய்திருக்கிறாள் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று என்றுகூட நினைத்தேன். யாருக்கு என்ன கெட்டது என்பதை அடுத்த வாரம் முனியம்மா வந்து காட்டினாள்.

முனியம்மாவை உனக்குத் தெரியும், உன் பழைய மாணவி அஞ்சலையின் தாய். அஞ்சலை போன வருடம் உன் வகுப்பில் பாஸ். பத்து வயதில் இது போதும் என்று தாயோடு களை பிடுங்கப் போகிறாள். முன்பெல்லாம் முனியம்மாவுக்கு இந்தியாவிலிருந்து வரும் கடிதத்தை ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிதான் வாசித்துச் சொல்வார், பதிலும் எழுதுவார். மகள் பாஸ் பண்ணியதிலிருந்து கிராணி வாசலை அவள் மிதிக்கவில்லை. “எம் மவ ரெண்டாங்கிளாசு. நான் ஏன் அடுத்தவங்ககிட்டப் போய் நிக்கணும்?” என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறாள்.

அன்று அவள் கையில் நான்கு கடிதங்கள். நான்காவதின் நான்கு மூலையிலும் கறுப்பு மை தடவியிருந்தது. அதைப் படிக்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லையே, அக்கா. வீட்டுக்குள் கொண்டு போகாமல் நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள்.

“இது சாவுக் காயிதம், எனக்குத் தெரியுது டீச்சரம்மா. யாருன்னு படிங்க. போன காயிதத்துல எல்லாரும் சொகம்னு போட்டிருந்தாங்களே, அதுக்குள்ள யாரு?”

அவளுடைய அப்பா. உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னேன். அழவில்லை. மற்ற மூன்றையும் நீட்டி, “இதையும் ஒரு தடவ படிங்க” என்றாள்.

முதல் கடிதத்தில் அவர் படுக்கையில் விழுந்துவிட்டதாக எழுதியிருந்தது. இரண்டாவதில், நீ வர முடியாது என்று தெரியும் மகளே, உன் வாயால் ஒரு வரி எழுதிப் போடு, கேட்டுவிட்டுக் கண்ணை மூடுகிறேன் என்று இருந்தது. மூன்றாவதை நிறுத்தி நிறுத்தித்தான் வாசித்தேன். உன் கடிதம் கிடைத்தது, அதில் பசுவுக்கு நான்கு கால்கள் என்றும் பசு புல் தின்னும் என்றும்தான் இருப்பதாக வாசித்தவர் சொல்கிறார், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அப்பன்மேல் கோபமா என்று அந்தக் கிழவர் கேட்டிருந்தார்.

தாய் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதியது உன் பாடத்தைத்தான். பார்த்து எழுதத்தான் அவளுக்குத் தெரியும். விலாசத்தையும் பழைய உறையைப் பார்த்து வரைந்திருக்கிறாள். வந்த கடிதங்களை வாசிக்கச் சொன்னபோது, கிராணி வழக்கமாக வாசிப்பதைப் போலவே இவ்விடம் எல்லாரும் சுகம் என்று தொடங்கி, தாய் சந்தோஷப்படுகிற மாதிரி தானே கட்டிச் சொல்லியிருக்கிறாள். மழை பெய்ததாம், வெள்ளாடு இரண்டு குட்டி போட்டதாம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முனியம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

“அப்ப ஆடு? ஆடு குட்டி போட்டுதுன்னு லயமெல்லாம் சொன்னேனே?”

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அவள் போனபிறகு உன் நோட்டை எடுத்துப் போன வருடப் பக்கத்தைப் பார்த்தேன். அஞ்சலை, இடது. உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பாஸ் போட்டு அனுப்பியிருக்கிறாய். ஒரு கிழவர் மகளின் கோபத்துக்குக் காரணம் தெரியாமலே செத்திருக்கிறார். சீ, என்ன பிழைப்பு இது!

இதற்குப் பத்தாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். தெரியாதவர்கள் கையைத் தூக்க வேண்டாம் என்று நான் வகுப்பில் பலதடவை சொல்லி வைத்திருந்தேன். தலையாட்டினார்கள். ஆனால் கோட்டும் தலைப்பாகையுமாக ஓர் ஆள் வாசலில் நின்றதும், பழகின பழக்கம், நான் கேட்ட முதல் கேள்விக்கே அத்தனை கையும் மேலே போய்விட்டது. “பேஷ், பேஷ்! ஒரு பிள்ளைகூட பாக்கியில்லையே” என்று அவர் குறிப்பேட்டைத் திறந்தார். பெரிய வாத்தியார் அந்தப் பக்கத்திலிருந்து வலது கைகளைக் கண்ணால் காட்டினார்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் ஆசை வந்தது. ஒரு வலது கையை எழுப்பியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். நானும் நல்ல டீச்சர் ஆகியிருப்பேன். அந்த ஆசை வந்த கணத்தில்தான் உன் முகம் எனக்கு முழுதாகப் புரிந்தது. புரிந்ததும் உன்மேல் அருவருப்பு இன்னும் கூடியது.

“மாணிக்கம், நீ எழுந்து பலகையில் இருப்பதைப் படி” என்றேன்.

அவன் திருதிருவென்று விழித்தான். “டீச்சர், நான் இடது கையத்தானே தூக்கினேன்?” என்றான்.

“என்ன சொல்றான் பையன்?” என்றார் இன்ஸ்பெக்டர். சொன்னேன். வலது, இடது, காய்ச்சல், எல்லாவற்றையும் சொல்லி உன் நோட்டையும் எடுத்து நீட்டினேன். அவர் அதைப் புரட்டிவிட்டு, உன்னைத் திட்டுவார், இல்லையென்றால் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ தாழ்ந்த குரலில், “இதையெல்லாம் ஏம்மா என்கிட்ட காட்டுறீங்க?” என்றார். அவருக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது. வருடா வருடம் பார்த்த கைகள்தானே? உன்னைவிட அந்த மனிதர்மேல்தான் அன்று எனக்கு அதிக அருவருப்பு வந்தது. அதையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

வேறு வழியில்லாமல், வகுப்பு தகுதியில்லை என்று எழுதிவிட்டுப் போனார். நீ பயந்தபடியே எல்லாம் நடந்தது. அடுத்த தடவையும் இப்படியென்றால் வகுப்பை மூடப்போவதாகத் துரை சொல்லியனுப்பியிருக்கிறார். “படிப்புத்தான் வரல, புல்லாவது வெட்டட்டும்” என்று நான்கு வீட்டில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். செத்தவள் பெயரைக் கெடுத்தவள் என்று லயத்துப் பெண்கள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஆக, உன் கணக்குத் தப்பில்லை. அந்த நான்கு பிள்ளைகளும் கத்தியோடு பள்ளிக்கூட வேலி ஓரமாகப் போகும்போது நான் செய்தது சரிதானா என்று எனக்கே கேட்கத் தோன்றுகிறது. யாரைக் கேட்பது?

பாடத்தை அடியிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். பசுப் பாடத்தைத் தொடுவதில்லை. ஒரு நாளைக்கு ஓர் எழுத்து, மணலில், சிலேட்டில், பிறகு தோட்டத்துப் போர்டுகளில் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன். இப்போது ஒன்பது பேர் தடுக்கித் தடுக்கி வாசிக்கிறார்கள். காது கொடுத்துக் கேட்க முடியாத வாசிப்பு, அக்கா. கல்லில் வண்டி ஏறி இறங்குவது போல இருக்கும். இத்தனை பேரை வைத்துக்கொண்டு எழுத்துக் கற்றுத் தருவது எவ்வளவு நாய்படாத பாடு என்று எனக்கும் தெரிந்துவிட்டது. நீ ஏன் விட்டாய் என்பது தெரிகிறது. விட்டதை மன்னிக்கத்தான் முடியவில்லை.

அஞ்சலையும் வருகிறாள். களை பிடுங்கி முடித்து, மண் ஒட்டிய கையோடு பிற்பகலில் வந்து, தன்னைவிடச் சின்னதுகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்காருகிறாள். என்னோடு பேச மாட்டாள். தாய் அவளோடு பேசுவதில்லை. முதல் வாரம் பலகையைப் பார்க்கவே மறுத்தாள். இப்போது தாத்தாவின் முதல் கடிதத்தை அவளே வீட்டிலிருந்து எடுத்து வந்து வைத்திருக்கிறாள். நேற்று வரை மூன்று வரி.

அடுத்த மாதம் கல்லறைத் திருநாள். அண்ணன் பூவும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு உன்னிடம் வருவார். நான் வரமாட்டேன். உன் சிமெண்டுச் சிலுவையில் என்ன எழுதச் சொல்வது என்று அண்ணன் கேட்டபோது, ‘ஞானம்மாள், பிள்ளைகளுக்குப் படிப்புச் சொன்னவள்’ என்று எழுதச் சொன்னது நான்தான். அதை அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அஞ்சலை தாத்தாவின் மூன்று கடிதங்களையும் தன் தாய்க்கு வாசித்துக் காட்டுகிற நாள் வரும். அதற்கு மறுநாள் அவளை பஸ்ஸில் ஏற்றி மலாக்காவுக்குக் கூட்டி வந்து உன் சிலுவைக்கு முன்னால் நிறுத்துவேன். அதில் எழுதியிருப்பதை அவள் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். எத்தனை நேரம் ஆனாலும் நான் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்க மாட்டேன். வாசித்துவிட்டு, அது நிஜமா என்று அவள் என்னைக் கேட்டால், பதிலை உன்னிடமே விட்டுவிட்டு நான் தள்ளி நின்றுகொள்வேன்.

உன்மேல் கோபம் தீராத, உன் கூடப் பிறந்த தங்கை,
ரோசம்மாள்