உன் கால் கனமில்லை

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். எப்போதும் போனில் பேசுகிறவன் திடீரென்று தாள் வாங்கி எழுதுகிறானே, யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. போன் என்றால் பாதிப் பேச்சில் எனக்கு ஒரு கிண்டல் வந்துவிடும், நீயும் சிரித்துவிட்டு வைத்துவிடுவாய். இந்த விஷயம் அப்படிப் போய்விடக் கூடாது.

முதலில் வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாய் ஒருவழியாகச் சொட்டுவதை நிறுத்தியிருக்கிறது. சின்னவளுக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்துவிட்டது; உனக்குக் காட்ட வேண்டுமென்று தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். என் சமையலைப் பற்றி அவள் உன்னிடம் சொன்னதெல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறேன். நீ போயிருக்கும் பயிற்சி முடிந்ததும் மலைக் கிராமங்களுக்குப் போய் நோயாளிகளை வீட்டிலேயே பார்க்கும் வேலையைக் கேட்கப்போவதில்லை, படிவத்தில் ஆஸ்பத்திரி வார்டையே எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றாய். ஏன் என்று கேட்டதற்கு, “என் காலுக்கு மலையில பெட்ரோல் கட்டுப்படி ஆகாதுங்க” என்று சிரித்தாய். அந்த வேலைக்காகத்தானே இந்த வண்டியையே வாங்கினோம்! சேற்று ஏற்றத்தில் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி வேண்டும் என்று ஆறு மாதம் தேடிப் பிடித்தவள் நீ. பக்கத்தில் சிவப்புக் கோடும் பின்னால் வால் மாதிரித் தூக்கிய தகடுமாக நின்ற அந்தக் குட்டிக் காரைப் பார்த்து, பந்தயத்துக்கா போகிறாய் என்று நான்தான் கேலி செய்தேன்.

சரி, சுற்றி வளைத்தது போதும். உன் கால் கனமில்லை. ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்துப் பெட்ரோலை வீணாக்குகிற கால் உனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. அது எனக்கு நீ பயிற்சிக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே தெரியும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன வருஷம் முன்சக்கர டயர்கள் வெடிப்பு விட்டிருந்தன அல்லவா? நான்கையும் மாற்றச் சொன்னார் டயர் கடைக்காரர். பின்னால் இருப்பது இன்னும் ஒரு வருஷம் ஓடும், எனக்கே பாடம் எடுக்கிறாரா என்று நினைத்துக்கொண்டு, முன்னால் மட்டும் இரண்டு புதியது போட்டு வந்தேன். அந்த மாதத்திலிருந்துதான் வண்டி பெட்ரோலைக் குடிக்க ஆரம்பித்தது. லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது உன் கையில் எட்டரைக்கு இறங்கியது. நான் டயரை நினைக்கவே இல்லை. உன் காலைத்தான் பார்த்தேன்.

மைலேஜ் நோட்டுப் போட்டது என் யோசனை. வாரத்தில் நீ ஓட்டியதற்கு ஒரு பக்கம், ஞாயிறன்று நான் ஓட்டியதற்கு ஒரு பக்கம். உனக்கு எட்டரை, எனக்குப் பதினொன்றரை. நான் மார்தட்டிக்கொண்டேன். ஆனால் நீ ஓட்டி முடித்த பிறகு டாங்கைக் கழுத்துவரை நிரப்பச் சொல்வேன்; நான் ஓட்டி முடித்தால், பங்கில் குழாய் தானாக நின்று முதல் தடவை ‘டக்’ என்றதும் போதும் என்று கிளம்பிவிடுவேன். என் பக்கத்தில் குறையும் பெட்ரோல் அடுத்த வாரம் உன் பக்கத்தில் ஏறிக்கொள்ளும். முதல் மாதம் அது கவனக்குறைவுதான், சத்தியமாக. இரண்டாவது மாதம் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் மாற்றவில்லை. ஜெயிப்பது அவ்வளவு ருசியாக இருந்தது.

இதை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் தெரியுமா? என் ஆபீஸில், சாப்பாட்டு இடைவேளையில். பக்கத்தில் முத்திரை போட்ட எடைக்கற்கள். எதிரே, பெட்ரோல் பங்குகளில் அளவு சரிதானா என்று நான் சோதிக்கக் கொண்டுபோகும் ஐந்து லிட்டர் குடுவை. நேற்றுகூட ஒரு காய்கறிக் கடைக்காரரைத் தராசு ஒரு பக்கம் சாய்கிறது என்று நிற்க வைத்துத் திட்டிவிட்டு வந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு அவரைப் பார்க்கக் கூசியது.

உன் அண்ணன் வீட்டில் அன்று மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்த நோட்டை எடுத்துச் சத்தமாகப் படித்தேனே, அதை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது. ‘இரும்புக்கால்’ என்று உனக்குப் பேர் வைத்ததும் அன்றுதான். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே எனக்குத் தண்ணீர் ஊற்றினாய். மறுநாள் காலை, “சாவி ஃபிரிட்ஜ் மேல இருக்கு, இனிமே நீங்களே ஓட்டுங்க” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாய். நீ கோபித்திருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

நீ கிளம்புவதற்கு முந்தைய வாரம் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் கீழே குனிந்து பார்த்தார், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். “சார், இது நாலு சக்கரமும் ஒண்ணா சுத்துற வண்டி. முன்னாடி புதுசு, பின்னாடி தேஞ்சது போட்டா, உள்ளுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டிக்கிட்டே இருக்கும். பெட்ரோல் குடிக்காம என்ன பண்ணும்? பாவம், ஓட்டுறவங்கள யாரும் திட்டிடாதீங்க” என்றார். அன்று மாலையே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய். ஊருக்குப் போகிற நேரத்தில் எதற்கு என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் மானம்தான் தடுத்தது.

நீ போன பிறகு பின் டயர்களையும் மாற்றினேன். பிறகு ஒரு வாரம் நீ ஓட்டும் அதே வழியில், அதே நேரத்தில் ஓட்டினேன். காலையில் ஜில்லென்று கிடக்கும் வண்டியைக் கிளப்பி, பள்ளிக்கூட வாசலில் நின்று நின்று நகர்ந்து, ஆஸ்பத்திரி மேட்டில் ஏறி இறங்கி. முட்டையை மிதிப்பது போல ஆக்சிலேட்டரை மிதித்தேன். ஓட்டுவதற்கு முன்னும் ஓட்டிய பின்னும் டாங்கைக் கழுத்துவரை நிரப்பினேன். எனக்குக் கிடைத்தது பத்தரை. வண்டி வாங்கிய புதிதில் அதே வழியில் நீ எடுத்தது பதினொன்று. ஏன் என்று சின்னவளைக் கேட்டேன். “அம்மா தூரத்துலயே பாத்து மெதுவாக்கிடுவாங்க. நீங்க கிட்டப் போய் பிரேக் போடுறீங்கப்பா” என்றாள். இத்தனை நாள் பின்சீட்டில் இருந்தவளுக்குத் தெரிந்தது, அளவுப் பரிசோதகனுக்குத் தெரியவில்லை.

நேற்று உன் அண்ணனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஊரைக் கூட்டிக் கேலி செய்தவன், அங்கேதான் முதலில் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்தேன். கடைசிவரை கேட்டார். பிறகு, “மாப்ளே, இத அவகிட்டச் சொல்லிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். அதனால்தான் இன்று இந்தத் தாள்.

படிவத்தை இருபதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்றாய். இதை இப்போதே விரைவுத் தபாலில் போடுகிறேன், பதினெட்டாம் தேதிக்குள் வந்துவிடும் என்றார்கள். வார்டு வேலை உனக்கே பிடித்திருந்தால் அதையே எழுதிக் கொடு, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆனால் காரணம் உன் கால் என்றால், அந்தக் காரணம் நான் கட்டிவிட்ட பொய். அதை நம்பி மலையை விட்டுவிடாதே.

நீ எங்கே போனாலும் பத்திரமாகப் போய்ப் பத்திரமாகத் திரும்ப வேண்டும், அதுதான் என் வேண்டுதல். என்மேல் கோபம் இருக்கட்டும், ஒரு வருஷம் வேண்டுமானாலும் இருக்கட்டும். என்னை மன்னிக்க அவசரமில்லை. படிவத்துக்குத்தான் நாள் இல்லை.

உன் பதிலைக் கேட்கத் தகுதியில்லாமல், ஆனாலும் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டு,
உன் கணவன்